முதுகு மட்டும் தெரிந்த அம்மா

அப்பா,

நைட் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாதம் குக்கரில் இருக்கிறது. முட்டையை நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சொன்னதிலிருந்து நான் மாறவில்லை. எங்களுக்குப் பாடமாக வைத்திருக்கும் நாவலில், மகனைச் சின்ன ஊரில் விட்டுவிட்டு அவன் அம்மா வேலைக்காக வெளியூர் போகிறாள். அவள் கல்நெஞ்சக்காரி என்று எழுதச் சொன்னார் டீச்சர். நான் எழுதவில்லை. கதை முழுக்க அந்தப் பையன் சொல்வது. பஸ் ஏறிய அம்மாவின் முதுகைத்தான் அவன் பார்த்தான். அவள் முகத்தை யார் பார்த்தார்கள்? இதை எழுதியதற்குத்தான் சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

நீங்களும், "அவங்க சொல்ற மாதிரியே எழுதிட்டுப் போயேன், உனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்குத்தான் வந்தது. நம் வீட்டிலிருந்தும் அம்மா அப்படித்தான் போனாள். அவளைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டுமே கேட்டு வளர்ந்தேன்.

அதனால் அவளுக்கு நானே போன் செய்துவிட்டேன். இன்று சாயங்காலம் வருகிறாள். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கீழ் வீட்டு டெய்லர் அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன்.

வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

பி.கு. (இடமில்லை, பொடியாக எழுதுகிறேன்): அம்மா என் அறையில்தான் தங்குவாள். ஏன் போனாள் என்று அவளிடமே கேட்கப் போகிறேன். பிடிக்காவிட்டால் நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள்.