எட்டரையிலிருந்து பத்து

ராயபுரம்,
17.10.2001

அன்புள்ள அம்மாவுக்கு, சுஜா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

பயப்படாமல் படியுங்கள். போன மாதம் எங்கள் மருத்துவக் கல்லூரி வகுப்பில் அவரவர் விரலைக் குத்தி இரத்தச் சத்து, அதாவது ஹீமோகுளோபின், பார்த்தோம். பன்னிரண்டு இருக்க வேண்டும். எனக்கு எட்டரை, வகுப்பிலேயே குறைவு. விடுதியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக ஓடியதன் பலன். வியாசர்பாடியிலிருந்து வரும் தோழி செங்கொடி, "இன்னாடி, நீ டாக்டராயி யாருக்கு வைத்தியம் பாக்கப்போற? நாளைலேந்து எங்க வூட்டு இட்லிய துன்னுட்டுதான் கிளாசு" என்றாள். சொன்னபடியே தினமும் கொண்டுவருகிறாள். இரும்புச்சத்து மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறேன். நேற்று பார்த்தேன், பத்து. மாடிப்படியில் இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

கருப்பட்டி அனுப்புங்கள். அதைச் சுற்றிக் கட்டப் புதுத் துணி வேண்டாம், நீங்கள் உடுத்திய பழைய சேலை போதும்.

இன்னொன்று. எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் நீங்கள் சாப்பிடுவீர்கள். குடத்தை இறக்கிவைத்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவீர்கள். வயதாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடிதம் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய் விரலைக் குத்திப் பாருங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
சுஜா