14.10 மணிக்கு எழுதிய கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாகாலாவிலிருந்து சித்தூருக்கு பஸ். உட்கார இடமில்லை.

முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்தில் அதே கிளார்க். "ஜில்லா பிரிச்சப்புறம் உங்க ஃபைலு திருப்பதிக்குப் போயிடிச்சி சார். இக்கட லேது, இங்க இல்ல." போன வாரம் திருப்பதியில் சொன்னது, சித்தூரில்தான் இருக்கிறது என்று. பந்தாடுகிறார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. என் விடுவிப்புச் சான்றில் 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று இருக்கிறது. மலையில் நடந்த போரில் வலது கை மூன்று விரல் போனவனுக்கு என்ன விருப்பம்? 'போர்க் காயத்தால் விடுவிப்பு' என்று மாற்ற வேண்டும். பென்ஷன்கூட அப்புறம்.

கிளார்க் பக்கத்து ஆளிடம்: "சண்டைக்குப் பயந்துக்கினு வந்துட்டிருப்பாரு." காதில் விழுந்தது. நான் கேப்டனாக இருந்தவன். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நைனாவுக்குக் கண் மருந்து, தக்காளி. இரண்டும் மறதி.

மார்ச் 6, வியாழன்

திருப்பதி, வக்கீல். ராஜினாமாக் கடிதம் நான் எழுதவே இல்லை, அப்போது ஆஸ்பத்திரியில் கை முழுக்கக் கட்டு, யாரோ ராணுவ கிளார்க்கின் வேலை என்றேன். இத்தனை வருஷமாகச் சொல்வதுதான். "டில்லிலேர்ந்து அந்த லெட்டரோட நகல் வரட்டும் சார். வேற ஆள் எழுதினதுன்னா நாம ஜெயிச்சிடலாம்."

மார்ச் 10, திங்கள்

நகல் வந்தது. கீழே இடது கையால் நான் கிறுக்கிய கையெழுத்து. இப்போதுதான் ஞாபகம். ஆஸ்பத்திரிக்கு வந்த நைனா, "லீவு லெட்டர்தான்டா, போட்டுக் குடு" என்றார். நல்ல காய்ச்சல். படிக்காமல் போட்டேன்.

தேதிக்குப் பக்கத்தில் 14.10. மளிகைச் சீட்டுக்கும் மணி போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஸ்டேஷன் மாஸ்டராக ரிட்டயர் ஆன என் நைனா.

ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வக்கீல் ஃபோன். நைனா எழுதியதாக அவரே வாக்குமூலம் தந்தால் போதுமாம்.

காட்டினேன். நைனா நகலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "என் எழுத்துதான்." அவ்வளவுதான். கத்திவிட்டேன்.

"என் மானத்தையே வாங்கிட்டியே நைனா!"

"கை ஆறினா திரும்ப மலைக்கு அனுப்பியிருப்பாங்க. கூப்பிட்டா நீ போறவன். நான் இன்னா பண்றது?"

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"இத மாத்திட்டா உன்ன மறுபடி கூப்புடுவாங்களாடா?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது நைனா என்றேன்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இன்னும் தரவில்லை.