உப்பு பற்றிய நான்கு வரிகள்

அனுப்புநர்
வை. பாகீரதி (வயது 46),
மூன்றாவது குறுக்குத் தெரு, லிங்கராஜபுரம்,
பெங்களூரு – 560 084.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தேடுபொறி நிறுவனத்தின் இந்திய அலுவலகம்,
பெங்களூரு.

பொருள்: சிறுநீரக நோயாளிகளின் உணவு பற்றிய கட்டுரை – பிழை திருத்திய என் பக்கம் நகல் என்று ஒதுக்கப்பட்டு, பிழையுள்ள பழைய மறுபதிப்பு தேடலில் முதலில் காட்டப்படுவது – அதை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் இணையப் படிவம் வழியே நான் ஆங்கிலத்தில் அனுப்பிய நான்கு புகார்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இன்று காலை எழுந்ததும், பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்பே, கைப்பேசியில் "கிட்னி நோயாளி எந்த உப்பு சாப்பிடலாம்" என்று தேடிப் பார்த்தேன். ஏழு வாரங்களாகத் தினமும் நான் முதலில் செய்யும் காரியம் இதுதான். இன்றும் பழைய பக்கமே மேலே வந்தது. அதனால் இந்த மனுவை எழுதுகிறேன்.

1. என் கணவர் திரு. வைத்தீஸ்வரன் சிறுநீரகம் பழுதடைந்தவர். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருக்குச் சமைத்துக் கற்றுக்கொண்டதை, தமிழில் தேடுபவர்களுக்கு உதவட்டும் என்று ஒரு சிறிய இணையதளத்தில் எழுதிவருகிறேன். அதில் விளம்பரம் கிடையாது.

2. 2022 ஜூன் மாதம் உப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சாதாரண உப்புக்குப் பதிலாக, கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்று அதில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அது தவறு. அத்தகைய உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவர் உடலில் அது வெளியேறாமல் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நான் வேதியியல் பட்டதாரி. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படிக்கவில்லை.

3. என் கணவருக்கும் அதே உப்பைத்தான் போட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே பொட்டாசியம் ஏறியிருப்பது தெரிந்தது. மருத்துவமனையின் உணவு ஆலோசகர் திருமதி ஸ்வர்ணா என்னைத் தனியே அழைத்துக் கண்டித்தார். அன்று மாலையே அந்த நான்கு வரிகளை எடுத்துவிட்டு, அந்த உப்பைத் தொடவே வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் சேர்த்தேன்.

4. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பு, "உடல்நல முற்றம்" என்ற பெரிய இணையதளத்திலிருந்து திரு. அருண்குமார் என்பவர் கட்டுரையை மறுபதிப்பு செய்ய அனுமதி கேட்டிருந்தார். மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். அசல் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறியீட்டை அவர்கள் பக்கத்தில் வைக்கச் சொல்ல வேண்டும் என்பதோ, அப்படி ஒரு குறியீடு உண்டு என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. கட்டுரை "ஆசிரியர் குழு" என்ற பெயரில் வெளிவந்தது. அவர்களிடமிருந்து வேறு ஒன்பது தளங்களுக்கும் போனது.

5. திருத்தத்தை உடனே அவர்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சில மாதங்கள் கழித்து அருண்குமாரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "மேடம், நான் வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. கம்பெனியே மூடியாச்சு. சைட் மட்டும் அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கு, உள்ள யாருமே இல்ல" என்றார். யாரும் இல்லாத அந்த வீட்டைத்தான் தங்கள் தேடுபொறி ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக மக்களுக்கு முகவரியாகக் கொடுத்து வருகிறது.

6. ஒரே கட்டுரை பல இடங்களில் இருந்தால் ஒன்றை மட்டும் தேர்ந்து காட்டுவோம், இது தண்டனை அல்ல என்று தங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. என் பக்கத்தைப் பற்றிய தங்கள் அறிக்கையில் "நகல், வேறொரு பக்கம் முதன்மையாகத் தேர்வு செய்யப்பட்டது" என்று இருக்கிறது. இரண்டு பக்கங்களும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது உண்மை. மாறியவை நான்கு வரிகள். இயந்திரத்துக்கு அவை ஒரு பொருட்டே இல்லை. கட்டுரை முழுவதையும் வேறு சொற்களில் மாற்றி எழுதியும் பார்த்தேன். அது தேடல் முடிவுகளில் நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரம் யாரும் தேடுவதில்லை.

7. வைட்ஃபீல்டில் வசிக்கும் திருமதி வனஜா என்பவர் கடந்த ஜனவரியில் எனக்கு எழுதினார். அவருடைய தந்தை திரு. எத்திராஜ், வேலூரிலிருந்து வந்து மகளோடு தங்கி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், டிசம்பரில் காலமானார். மகள் தேடிப் பார்த்து, நல்லது என்று நம்பி, இரண்டு மாதம் அந்த உப்பைத்தான் சமையலில் போட்டிருக்கிறார். வேறு காரணங்களும் இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். டயாலிசிஸ் மையத்தில் யாரோ கொடுத்த இணைப்பின் வழியே பிறகுதான் என் பக்கத்துக்கு வந்திருக்கிறார். அவர் எழுதியது: "அக்கா, உங்க பக்கம் முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு. அந்த இன்னொரு சைட்ல எழுதுன புண்ணியவதி யாரோ, நல்லாவே இருக்க மாட்டா."

8. ஆழ்ந்த இரங்கல் என்று மட்டும் பதில் அனுப்பினேன். மறுநாள் தங்களுக்கு முதல் புகாரை அனுப்பினேன். நான்கு புகார்களுக்கும் ஒரே பதில் வந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் எழுதினால் ஒரு மனிதராவது படிப்பார் என்று எண்ணித் தபாலில் அனுப்புகிறேன். நம்பிக்கை அதிகம் இல்லை.

என் பக்கம் முதலில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வராமலே போகட்டும். அந்தப் பழைய பக்கத்தையும் அதன் ஒன்பது பிரதிகளையும் தேடலில் காட்டாமல் நிறுத்தினால் போதும். பத்து முகவரிகளையும் இரண்டு வடிவங்களின் அச்சுப் படிகளையும் இணைத்துள்ளேன். மாறிய நான்கு வரிகளைக் கோடிட்டுள்ளேன். தயவுசெய்து அவற்றை மட்டுமாவது யாராவது ஒருவர் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். நாளைக் காலையும் யாரோ ஒரு மகள் அடுப்படியில் நின்று தேடுவாள்.

இந்த மனுவின் பிரதி யாருக்குப் போகிறது என்பதை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. கீழே எழுதியிருக்கிறேன்.

இடம்: பெங்களூரு
நாள்: 11.03.2025

தங்கள் உண்மையுள்ள,
வை. பாகீரதி

இணைப்பு: பதினான்கு தாள்கள்.

பிரதி: திருமதி வனஜா, வைட்ஃபீல்ட் – அந்த நான்கு வரிகளை எழுதியவள் நான்தான் என்று அறியும்பொருட்டு.