ஏரிப் பக்கம் திரும்பியவர்

ஒலக்கூர்,
14.9.2024

அன்புள்ள அம்சா அம்மாவுக்கு,

விருத்தாசலம் சொல்லச் சொல்ல மருமகள் கலையரசி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். என் கால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போனில் பேசினால் எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. அதனால்தான் கடுதாசி.

போன மாதம் கடல் தாண்டி ஓட வந்த உங்கள் தைப்பிங் ஊர் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாய்ந்திருந்த மரங்கள், நீங்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த வெள்ளைத் துணி, ஓடிக்கொண்டே வாயில் போடக் கொடுத்த உப்புப் பிளம் எல்லாம் அப்படியே நிற்கிறது. நம்மோடு ஓடி வந்த ஜப்பான் பெரியவர் சுகமா? பாஷை தெரியாமலே என்னமாய்ப் பேசிக்கொண்டு வந்தோம்!

ஒரு சங்கடம். முழு மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஏரி முக்கில் மலைப் பக்கம் திரும்பாமல், அரை மாரத்தான் ஓடிய உங்கள் பின்னாலேயே ஏரிப் பக்கம் வந்துவிட்டேன் அல்லவா? நான் ஓடிப் பழகும் விழுப்புரம் மைதானத்தில் அதுதான் இப்போது பேச்சு. கோச் நெடுஞ்செழியன், "இன்னா பெருசு, இன்டர்வெல்லோட வூட்டுக்கு வந்துட்டியாமே" என்கிறார். படிக்காதவன், பலகையில் எழுதியிருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

மகன் புகழேந்தி அதையே பிடித்துக்கொண்டான். போர்டு படிக்கத் தெரியாதவரை இனிமேல் கடல் தாண்டி அனுப்புவதாக இல்லையாம். அந்நிய ஊரில் காணாமல் போனால் எங்கே தேடுவது என்கிறான்.

இப்படிக்கு,
விருத்தாசலம்
(இடது பெருவிரல் ரேகை)

தைப்பிங்,
20.10.2024

மதிப்புக்குரிய விருத்தாசலம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து நானே வாங்கினேன். கலையரசியின் எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் "அம்சா அம்மா" யார்? ஏரி முக்கில் நான் வேகம் எடுத்தபோது, "அம்சா, மெல்ல போ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததே, அது வேறு ஆளா?

ஜப்பான் பெரியவர் படம் அனுப்பியிருக்கிறார். மழையில் ஓடுகிறார், அதே பழைய தொப்பி.

என் சேதி வேறு. பெர்த்தில் இருக்கும் மகள் அருணா, தனியாக இருந்தது போதும், வந்துவிடு என்கிறாள். அடுத்த ஆகஸ்ட் ஓட்டம் முடிந்ததும் வீட்டை விற்றுவிடச் சொல்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்த காலத்திலிருந்து இந்த ஏரியைச் சுற்றி ஓடியவள் நான். கூடப் பேசிக்கொண்டு வர ஓர் ஆள் இருந்தால் இந்த ஊரைவிட்டு ஏன் போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகஸ்டில் வருவீர்களா?

அன்புடன்,
அம்சா

ஒலக்கூர்,
5.1.2025

அன்புள்ள அம்சா அவர்களுக்கு,

புகழேந்தி பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அவனோடு நான் வாயாடவில்லை. வழி தெரியாது என்று சொன்னவன் நான்தானே.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியலில் திண்டிவனம் வரை ஓடி, அதே மூச்சில் திரும்பி வருகிறேன். வந்து உட்கார்ந்தால் மறுபடி கால் வாசலைப் பார்க்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுக்கிறவர்கள், கிழவனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறி, விழுப்புரத்தில் இன்னொன்று மாறி, பனமலைக்குப் போனேன். கோயில் வரைக்கும் படியேறி இறங்கினேன். இறங்கியதும் திரும்ப ஏறினேன். மேலிருந்து பார்த்தால் ஒரு ஏரி தெரிகிறது. அது உங்கள் ஏரி இல்லை.

என்னால் வர முடியாது போலிருக்கிறது. நீங்கள் மகளிடம் போவதுதான் நல்லது.

இப்படிக்கு,
விருத்தாசலம்
(இடது பெருவிரல் ரேகை)

தைப்பிங்,
9.2.2025

விருத்தாசலம் அவர்களுக்கு,

எனக்கு நல்லது எது என்று நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன்.

பலகை படிக்கத் தெரியாது, சரி. நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டை? உங்களுடையது சிவப்பு, என்னுடையது நீலம். ஏரி முக்கில் மலைப் பக்கம் சிவப்பு அம்பு, ஏரிப் பக்கம் நீல அம்பு, பாய் அகலத்துக்குத் தார் ரோட்டிலேயே போட்டிருந்தார்கள். ஜப்பான் பெரியவருக்கும் அந்தப் பலகை புரியாதுதான். அவர் சிவப்பைப் பார்த்துத் திரும்பினார். உங்களையும் கைதட்டிக் கூப்பிட்டார். நீங்கள் அவருக்குக் கையாட்டிவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

வழி தெரியாமல்தான் என் பின்னால் வந்தீர்களா? ஆமாம் என்றால் எழுத வேண்டாம். நான் பெர்த்துக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அம்சா

ஒலக்கூர்,
2.3.2025

அம்சாவுக்கு,

உன் கடுதாசியைக் கலையரசி எப்போதும்போல் எல்லோருக்கும் கேட்கத்தான் படித்தாள். அம்புக்குறி வந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்த புகழேந்தி சொம்பைக் கீழே வைத்தான்.

"மாமாவுக்கா நெறம் தெரியாது? பஸ்ஸையே கலர் பாத்துத்தான ஏறிக்கினு போறாரு" என்றாள் கலையரசி, யாரையும் பார்க்காமல்.

"யப்பா, தெரிஞ்சேதான் போனியா?" என்றான் அவன்.

நான் வாசலைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்துக் கால் எழுந்திருக்கவில்லை. கலையரசியிடம், "எழுதும்மா. நெறம் தெரியும்னு எழுது" என்றேன்.

"அப்படியே எழுதட்டுமா மாமா?"

"அப்படியே எழுது. ஒளிச்சு எழுத எனக்கென்ன படிப்பா இருக்குது?"

மலைப் பக்கம் போயிருந்தால் முழு ஓட்டத்துக்கான மெடல் கிடைத்திருக்கும். ஏரிப் பக்கம் வெள்ளைத் துணி கட்டிய கை ஒன்று போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தில் படிப்பின்மேல் பழியைப் போட்டேன். அந்தப் பழி திரும்பி வந்து என் பாஸ்போர்ட்டையே பூட்டிவிட்டது.

புகழேந்தி சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை ஓடிவிட்டு வந்து பார்த்தால் பீரோவில் சாவி தொங்குகிறது. நான் இன்னும் திறக்கவில்லை. முதலில் இதை எழுதி முடிக்கச் சொன்னேன்.

பெர்த்துக்கு டிக்கெட் போடாதே. ஆகஸ்ட் ஓட்டத்துக்கு எனக்கும் சேர்த்துப் பேர் கொடு. இந்தத் தடவை நீல அட்டைக்கே கொடு.

விருத்தாசலம்
(இடது பெருவிரல் ரேகை)