காத்திருக்கலாம் என்று எழுதப்பட்டவர்

மார்ச் 30
ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடி என் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது: காத்திருக்க முடியாதவர்கள், காத்திருக்கலாம். நான்கு ஆபரேஷன் தியேட்டர்களில் மூன்று, கொரோனா மூச்சுத்திணறல்காரர்களுக்குப் போய்விட்டன. மீதி ஒன்றுக்கு எல்லா டாக்டர்களும் வரிசை. பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது, பெருங்குடலில் புற்றுக்கட்டி. அடைப்பு இல்லை, அதனால் காத்திருக்கலாமாம். கட்டியிடம் யாராவது கேட்டார்களா?

ஏப்ரல் 2
லேப்ராஸ்கோப்பிக்குத் தடை. வயிற்றுக்குள் ஊதும் வாயுவோடு கிருமியும் வெளியே வருமோ என்று பயம். பதினைந்து வருஷமாக மூன்று துளை, ஒரு கேமரா என்று மிதப்பில் திரிந்தவன் நான். சாண் நீளத்துக்கு வயிற்றைத் திறக்கும் சீனியருக்குப் 'பெருங்கீறல்' என்று பெயர் வைத்ததே நான்தான். மனுஷர் இன்று வராந்தாவில் கண்ணடித்தார். "என்ன தம்பி, கத்தி பிடிக்க ஞாபகம் இருக்கா?"

ஏப்ரல் 7
கவச உடையில் முதல் ஆபரேஷன். கண்ணாடியெல்லாம் ஆவி. கத்தரி கேட்டால் பஞ்சு வருகிறது. "சத்தமா கேளுங்க சார். உள்ளேயே முனகுனா எனக்கென்ன தெரியும்?" என்கிறார் நர்ஸம்மா. வீட்டிலும் இதே புகார்தான். நாளையிலிருந்து கைஜாடை.

ஏப்ரல் 13
வேன்காரருக்காகக் கமிட்டியில் கத்தினேன். "அடுத்த வாரம் பாக்கலாம் டாக்டர்." அடுத்த வாரத்துக்கு என்ன பஞ்சம்? வாராவாரம் வருகிறது.

ஏப்ரல் 14
வேன்காரரின் வயிற்றைப் போனிலேயே பார்த்தேன். தலையெழுத்து.
"தொப்புளுக்கு வலப்பக்கம் அமுக்குங்க."
"எனக்கு வலமா சார், உங்களுக்கு வலமா?"
பின்னால் அவர் மனைவி: "எப்பன்னு கேளுங்க! முதல்ல எப்பன்னு கேளுங்க!"
எப்போது? எனக்கு மட்டும் தெரியுமா?

ஏப்ரல் 16
டீ நேரத்தில் மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் நிர்வாகியின் வீட்டு வம்பைச் சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு சொன்னால் எடுபடவில்லை. கழற்றிவிட்டுச் சொன்னேன். அவரும் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஐந்து நிமிஷம் மனிதனாக இருந்தேன்.

ஏப்ரல் 20
தியேட்டர் கிடைத்துவிட்டது! வியாழன் காலை எட்டு மணி. வேன்காரர் போனில் அழுதார்.

ஏப்ரல் 21
டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். எனக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள்.

ஏப்ரல் 22
எனக்கும் தொற்று. படுக்கையறையில் அடைப்பு. கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "அந்த வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலல்ல?"
முடியலையே. கமிட்டியை அத்தனை திட்டினேன். இப்ப யார திட்டறது? ஒரு வம்புக்கதைக்கு — சே.
பெருங்கீறலுக்குப் போன் செய்தேன். இடம் பறிபோனால் மறுபடி எப்போது கிடைக்குமோ. நான் முடிப்பதற்குள், "நீ பேசாம படு. நான் பண்றேன்" என்றார்.

ஏப்ரல் 23
எட்டு. ஒன்பதரை. பதினொன்று. ஒன்றும் தெரியவில்லை.
11.40: "கட்டி முழுசா வந்துடுச்சு தம்பி. நல்லா பெருசாவே கீறுனேன்." அப்போ அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும்!

மே 11
வேலைக்குத் திரும்பினேன். மேஜையில் வேன்காரரின் கட்டிப் பரிசோதனை முடிவு: பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்று பரவியிருக்கிறது. கீமோ மருந்து ஏற்ற வேண்டும். அவரிடம் நானே சொன்னேன்.
"மார்ச்சுலயே பண்ணியிருந்தா பரவியிருக்காதா சார்?"
எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். "தெரியலைங்க" என்றேன்.
அவர், "உங்களுக்கும் முடியலன்னாங்களே, இப்ப பரவாயில்லையா சார்?" என்று கேட்டார்.
பிற்பகல் கமிட்டி. என் காத்திருப்புப் பட்டியலில் பதினொரு பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் பேசினேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.