பட்டறைச் சுவரில் ஐந்து எழுத்து

அக்டோபர் 6, திங்கள்

பாலக்கரையில் பஸ் நின்றால் பத்து நிமிடம். இரண்டு வாரமாக அந்த நேரத்தில் தைரியராஜ் அங்கிளின் லேத் பட்டறைச் சுவரைத்தான் பார்க்கிறேன். யாரோ ஸ்ப்ரே பெயின்ட்டால் ஆரஞ்சும் கருநீலமுமாக எதையோ போட்டிருக்கிறார்கள். முதலில் படம் என்று நினைத்தேன். பிறகு தமிழ் எழுத்துகள் என்று தெரிந்தது. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, ஒன்றின் காலை இன்னொன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன. இன்று காவிரிப் பாலத்தின் மேல், சுவர் கண்ணில் இல்லாதபோது விளங்கியது. 'நகருங்க'. ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போய் மெய்ப்புத் தாள்களைப் பிரித்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

அக்டோபர் 7

அந்த 'ரு', பஸ் கூட்டத்துக்குள் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகும் ஒருவரின் முதுகு.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது சுவர் முன்னால் ஸ்டூலில் ஏறி ஒரு பெண் ஓரக்கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஷரீபா. வயது இருபத்துமூன்று. இரண்டு தெரு தள்ளி அவளுடைய அத்தா திரைச்சீலை தைக்கும் கடை. சுவரில் அவள் பெயர் 'ஊசி'. மூலையில் சிறியதாகப் போட்டிருக்கிறாள்.

நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவள் இல்லை. பேசினேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் பிரேக் டான்ஸ் பழகும் கூட்டத்தோடு சேர்ந்தாளாம். ஆட்டத்தில் முட்டி போனது. சுவர் மிஞ்சியது. இந்தக் கலைக்காரர்களுக்குள் சில சட்டங்கள் உண்டு என்றாள். முக்கியமானது: ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதக்கூடாது. எழுதினால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தம். பதிலையும் அதே சுவரில்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 23 அன்று பெங்களூரிலிருந்து சுவரோவிய விழா நடத்தும் மூன்று பேர் வருகிறார்கள். சுவர் பிடித்துவிட்டால் ஜனவரியில் கொச்சியில் அவளுக்கென்று ஒரு முழுச் சுவர். போட்டோ அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், கோட்டின் விளிம்பை நேரில் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள்.

நான் படித்துவிட்டேன் என்று சொன்னதும் காதுக்கருகில் வந்தாள். "சந்தோஷம்க்கா. ஆனா யாருக்கும் சொல்லிடாதீங்க. அவங்கவங்களா கண்டுபிடிக்கட்டும்."

அக்டோபர் 18

எங்கள் தேவாலயப் பங்கு இதழுக்கு ஒரு பக்கம் குறைகிறதாம். இதழைக் கவனிக்கும் ஸ்தனிஸ்லாஸ் சார் கேட்டார். பெயர் வேண்டாம், 'ஜெ.' என்று மட்டும் போடுங்கள் என்று சொல்லி ஷரீபாவின் சுவரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ராப் பாடுகிறவர் மூச்சு வாங்கச் சொல்லை எங்கே முறிப்பாரோ, அங்கே இவள் எழுத்தை முறிக்கிறாள் என்று எழுதினேன். அது உண்மை. அந்த வாக்கியத்தில் எனக்கு வருத்தமில்லை.

கடைசி வரியில் 'நகருங்க' என்பதையும் எழுதிவிட்டேன். பாராட்டுக்கு ஆதாரம் வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கோயில் வாசலில் இதழ் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பட்டறை முன்னால் ஏழெட்டுப் பேர் இதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

நவம்பர் 12, புதன்

பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

சுவரில் வெள்ளை அடித்து, அதன் மேல் கட்சி விளம்பரம் எழுதும் ஜெயக்குமாரின் கையால், சிவப்பில், மஞ்சள் நிழலோடு, ஆள் உயரத்துக்கு: நகருங்க. நல்ல எழுத்து. யாரும் படிக்கலாம். கீழே கருநீலத்தில் ஒரு விரல்கடை அகலம் மட்டும் மிச்சம்.

தைரியராஜ் அங்கிள் மலர்ந்த முகத்தோடு வந்தார். "நம்ம பங்கு புக்குல படிச்சப்புறம்தான்மா எனக்கே புரிஞ்சுது. வர்ற ஆளெல்லாம் எங்க எழுதியிருக்கு, எங்க எழுதியிருக்குன்னு ஒரே கேள்வி. அதான் தெளிவா எழுதச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு சர்ப்ரைஸ்."

இன்னும் பதினோரு நாள்.

நவம்பர் 13

கடைக்குப் போய் நானே சொன்னேன். ஷரீபா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னோடு வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நீட்டா இருக்கு. கீழ சின்னம் ஒண்ணுதான் பாக்கி."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"ஜெயக்குமார் அண்ணனோட எனக்குச் சண்டை இல்லக்கா. அவருக்குச் சட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்னத்துக்கு அந்த ஒரு வரி? அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. எல்லாரையும்விட முன்னால் நான் படிச்சிட்டேன்னு காட்டணும், அவ்வளவுதானே? பேரு வேண்டாம், ஆனா கெட்டிக்காரத்தனம் மட்டும் வேணும்.

நவம்பர் 15, சனி

பட்டறைக்குப் போனேன். சுவரை ஷரீபாவுக்கே திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. யாருக்கும் புரியாதபடி எழுதுவதில் என்ன பெருமை என்றார். இப்போது அழித்தால், தெரியாத்தனமாக ஒரு நல்ல வேலையைக் கெடுத்தவன் என்று பங்கு முழுக்கச் சொல்லும் என்றார். அவர் பயமும் நியாயம்தான்.

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று இதழில் எழுதுகிறேன் என்றேன்.

"யாரு எழுதுனதுன்னு போடுவீங்க? ஜெ-ன்னா? ஜெரால்டும் ஜெ, ஜெபமாலையும் ஜெ."

முழுப் பெயரும் போடுகிறேன் என்றேன். அங்கேயே ஒரு பில்லின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, ஏணி வேண்டுமா என்றார்.

நவம்பர் 20

மழை. சுவர் ஊறிக் கிடக்கிறது. நான்கு நாளாக இதே கதை, பெயின்ட் பிடிக்காது.

நவம்பர் 22, சனி

காலை ஆறு மணிக்கு மழை விட்டது. சாயங்காலம் வரை வேலை. வெள்ளை அடிக்க மாட்டேன் என்றாள் ஷரீபா. சிவப்பு எழுத்தின் மேலேயே ஆரம்பித்தாள். பழைய சொல் இல்லை, புதிது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், டப்பாக்களைக் குலுக்கிக் கொடுத்தேன். ஜெயக்குமார் வந்தார். நின்று பார்த்தார். மஞ்சளை அங்கங்கே விட்டுவைத்திருப்பதைக் கவனித்து, "என் நிழல எடுத்துக்கிட்டீங்களா?" என்றார். இன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

கடைசி எழுத்து முடிவதற்குள் மறுபடி தூறல்.

நவம்பர் 23, ஞாயிறு

மூவரும் வந்தார்கள். கடைசி எழுத்து வழிந்து காய்ந்திருந்தது. பழைய சுவரைப் பற்றிக் கேட்டார்கள். ஷரீபா நடந்ததைச் சொன்னாள், என் பெயரை விட்டுவிட்டு. அவர்களில் ஒருவர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவசரத்தில் போட்டது தெரிகிறது என்றார்.

டிசம்பர் 3

பதில் வந்துவிட்டது. இந்த முறை சுவர் இல்லை. விருப்பமிருந்தால் வேறொருவரின் சுவருக்கு வண்ணம் நிரப்ப வரலாம்.

மன்னித்துக்கொள் என்றேன். "போறேன்க்கா. பக்கத்துல நின்னு பாக்கலாம்ல." என்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இதழ் வந்தது. பன்னிரண்டாம் பக்கம், என் முழுப் பெயர். வாசலில் மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஜனவரி 4, ஞாயிறு

ஷரீபா நேற்று கொச்சிக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தாள். போயிருந்தேன்.

இன்று பூசை முடிந்து வரும்போது அம்மா பட்டறை முன்னால் நின்றுவிட்டாள். முதல் எழுத்து 'ம' மாதிரி இருக்கிறதாம். மூன்றாவது என்னவென்று பிடிபடவில்லையாம். நீதான் கூடவே நின்றாயே, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். இங்கேயும் எழுதப்போவதில்லை.

"பாத்துக்கிட்டே இரும்மா" என்றேன். பின்னால் வந்த தைரியராஜ் அங்கிள், அது 'ம' இல்லை, 'ப' என்று அம்மாவோடு வாதாட ஆரம்பித்தார்.