ஆடப் பழகும் வயலின்காரன்

நாக்ஸோஸ் தீவு, ஜூலை 9, 1986

அன்பு மகள் கலியோப்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பதினோரு ஆடுகளும் மாதா புண்ணியத்தில் நலம், மெல்போர்ன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். செப்டம்பரில் இங்கே நடக்கப்போகும் உன் கல்யாணத்தில் நான் வயலினைத் தொடக் கூடாது, வேறு ஆளைப் பிடியுங்கள் என்று நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை (தட்டு காலியாகத்தான் இருந்தது என்கிறாள் அம்மா). பதினாறு வயதில் வில்லைப் பிடித்தவன், இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் நான் வாசிக்காமல் நம் ஊர் மணப்பெண் எவளும் கோயில் படி ஏறியதில்லை, பெற்ற மகளே என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டாள் என்று காபிக் கடை முழுக்கப் புலம்பினேன். அம்மாதான், "அட மக்கு மனுஷா, புள்ள உன்கூட ஆடணும்னு ஆசப்படுது. நம்ம கல்யாணத்துலயே நீ நாற்காலியில உக்காந்து வாசிச்சே, நான் எங்கண்ணன் கையப் புடிச்சு ஆடுனேன்" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் என் குறைகள் எல்லாவற்றையும் தினமும் சொன்னவள், இதை மட்டும் சொன்னதே இல்லை.

ஆகவே அடுப்படியில் ஆடப் பழகுகிறேன், சிரிக்காதே. ஊரையே ஆட வைத்தவனுக்கு ஆடத் தெரியாது. தாளம் தட்டியே பழகிய வலது கால் ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் தட்டுகிறது, இடது கால் மட்டும் ஊர்வலம் போகிறது, தாடையோ இல்லாத வயலினைத் தேடித் தோளில் சாய்கிறது. "கழுத்து சுளுக்குன சேவலாட்டம் இருக்கே" என்கிறாள் அம்மா.

வாசிக்க ஆள் வேண்டுமே, அடுத்த ஊர் யாக்குமிஸிடம் நானே போனேன். அவன் வில் போடுவது மரம் அறுப்பதுபோல் இருக்கும் என்று தீவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். "என்ன ஸ்தாமாதிஸ், வெறகு அறுக்கணுமா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கும் ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றினான். "எனக்கு மூணு பொண்ணுங்க. மூணு கல்யாணத்துக்கும் நான்தான் வாசிச்சேன். அவளுங்களும் கேக்கல, எனக்கும் தோணல. வரேன், போ" என்றான். நான் தெருவில் இறங்கிய பிறகு வாசலுக்கு வந்து, "நீ தடுமாறுனா நான் கொஞ்சம் இழுத்து வாசிக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். அவனைவிட நல்ல வயலின்காரன் இந்தத் தீவில் கிடையாது, என்னைத் தவிர.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. வரும்போது எனக்கு வழுக்காத ஷூ ஒரு ஜோடி, நாற்பத்து மூன்றாம் அளவு, மறக்காதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் கல்யாணத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போகும்
அப்பா ஸ்தாமாதிஸ்